புறாமாடமும் காற்றுத் துப்பாக்கியும்

விதைத்த வயலில் வந்து இறங்குகிற பறவையை விரட்டலாமா, கொல்லலாமா என்பது வெறும் உழவுக் கேள்வி இல்லை. யாருக்கு அந்த உரிமை என்று கேட்கத் தொடங்கினால் அது அதிகாரத்தில் போய் முட்டுகிறது. ஐரோப்பிய வரலாற்றைப் புறாவின் பக்கமிருந்து ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

பிரான்சின் பல பகுதிகளில், கோபுரம் மாதிரி கல்லில் கட்டிய புறாமாடம் வைத்துக்கொள்வது நிலப்பிரபுவின் தனி உரிமை. நூற்றுக்கணக்கில் புறாக்கள் அடையும். தீனி யார் போடுறது? பிரபு போடமாட்டான். காலையில் கிளம்பிப் போய்க் குடியானவன் விதைத்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு, சாயங்காலம் மாடத்துக்குத் திரும்பிவிடும். கறி பிரபுவுக்கு. எச்சம் பிரபுவின் நிலத்துக்கு எரு. குடியானவன் கல்லெடுத்து அடிச்சா குத்தம். 1789இன் தொடக்க மாதங்களில் ஊர் ஊராகக் குறைகளை எழுதித் தரச் சொன்னார்கள். சனங்க வரியை எழுதினாங்க, உப்பை எழுதினாங்க, கூடவே புறாவையும் எழுதினாங்க. ஆகஸ்ட் 4 இரவில் தேசிய சபை பிரபுத்துவ உரிமைகளில் கைவைத்தபோது, அதையொட்டி வந்த ஆணையின் இரண்டாவது பிரிவே புறாமாடம் பற்றியதுதான். ஊரார் குறிக்கிற காலத்தில் புறாவை அடைத்து வைக்கணும். மீறி வெளியே வந்தால் தன் நிலத்தில் எவனும் அதைக் கொல்லலாம். மனித உரிமைப் பிரகடனம் ஆகஸ்ட் 26இல்தான் வந்தது. முதலில் புறா, அப்புறம் மனுசன். சிரிக்க வேண்டாம் தோழர்களே, விதை போனவனுக்கு அந்த வரிசை சரியாகத்தான் பட்டிருக்கும்.

இங்கிலாந்தில் அப்படியொரு இரவு வரவில்லை. 1604 வாக்கில் வந்த சட்டம், புறாவைச் சுட்டவன் பறவைக்கு 20 ஷில்லிங் கட்டணும், இல்லாவிட்டால் மூன்று மாதம் சிறை என்றது. 1671 வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் சொந்த நிலமோ, அதற்கு ஈடான தகுதியோ இல்லாதவனுக்கு முயலையும் கவுதாரியையும் தடுத்தது. அதாவது தன் பயிரை மேய்கிற முயலைக் குத்தகைக்காரன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கணும். 1723இல் வந்தது கறுப்புச் சட்டம். முகத்தில் கரி பூசி, ஆயுதத்தோடு மான் காட்டில் திரிந்தவனுக்குத் தூக்கு. இதை ஈ.பி. தாம்சன் 1975இல் ஒரு தனி நூலாகவே எழுதியிருக்கிறார். திருட்டு வேட்டைக்காரனின் காலில் கம்பி தட்டினால் தானாக வெடிக்கும் துப்பாக்கிகளைக் காட்டில் கட்டி வைக்கிற வழக்கம்கூட 1827இல்தான் தடை செய்யப்பட்டது.

சரி, துப்பாக்கி இல்லாதவன் என்ன செய்தான்? பிள்ளைகளை அனுப்பினான். கூலிக்காரர் வீட்டுப் பையன்கள் மரத்தட்டையைத் தட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, பனியில் வயல்வயலாக நடந்தார்கள். வார்விக்‌ஷயரில் 1826இல் பிறந்த ஜோசப் ஆர்ச் ஒன்பது வயதில் காக்கா விரட்டப் போனவர். 12 மணி நேரத்துக்கு நாலு பென்னி கூலி. 1872இல் விவசாயத் தொழிலாளர் தேசியச் சங்கத்தைக் கட்டியவர் அவர்தான். 1885இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். பறவை விரட்டின தொண்டை வீணாகவில்லை.

1870இல் துப்பாக்கி உரிமச் சட்டம் வந்தது. வீட்டு வளாகத்துக்கு வெளியே துப்பாக்கி தூக்க 10 ஷில்லிங். காற்றுத் துப்பாக்கியும் இதில் அடக்கம். நிலத்தை அனுபவிக்கிறவர் பறவை விரட்டினால் விலக்கு, அவர் உத்தரவில் விரட்டுகிறவனுக்கும் விலக்கு. உத்தரவில்! கூலிக்காரன் கையில் துப்பாக்கி இருக்கலாம், எசமான் சொன்னால். இதே ஆட்சி 1878இல் இந்தியாவில் ஆயுதச் சட்டம் போட்டது. இந்தியனுக்கு உரிமம் வேணும், வெள்ளைக்காரனுக்கு வேணாம். அந்த உரிமம் நம் ஊர்களில் எந்தத் தெருவுக்குப் போனது என்று பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

1904இல் லிங்கன் ஜெஃப்ரீஸ் காப்புரிமை வாங்கிய காற்றுத் துப்பாக்கியை மறுவருடமே பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. ஆலை செய்யத் தொடங்கியது. மருந்தும் கிடையாது, புகையும் கிடையாது. சுருள்வில்லை இழுத்துப் பூட்டுவது. விசையைத் தட்டினால் பிஸ்டன் பாய்ந்து காற்றை அமுக்கி ஈயக் குண்டைத் தள்ளும். முட்டைக்கோசையும் பட்டாணியையும் காலி செய்யும் காட்டுப்புறா 1831 சட்டத்தின் வேட்டைப் பட்டியலில் இல்லை. ஆகவே விழுந்த புறா ஏழை வீட்டுச் சட்டிக்கும் போக முடிந்தது. 1970களுக்குப் பிறகு அங்கே எண்ணெய்க்கடுகு பெருகியதும் குளிர்காலத் தீனி கிடைத்துப் புறாவும் பெருகியது. 12 அடி-பவுண்டு விசைக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு இங்கிலாந்தில் சான்றிதழ் வேண்டாம். ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து உரிமம் வேண்டும்.

அந்தப் பழைய துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. அதன் மூச்சு பிஸ்டன் முனையிலுள்ள ஒரு தோல் வாஷரில் இருக்கிறது. அது காய்ந்தால் காற்று கசியும், குண்டு பாதி வழியில் விழும். மண்ணெண்ணெய் வகை எண்ணெயை உள்ளே விட்டால் அமுக்கச் சூட்டில் அது பற்றி வெடித்து வில்லை ஒடிக்கும், தோலைக் கிழிக்கும். வாஷரை ஊறப்போட வேண்டியது மாட்டுக்கால் எலும்பைக் கொதிக்கவைத்து எடுத்த எண்ணெயில்தான். மாட்டுத் தோல், மாட்டுக் கால். 19ஆம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னைத் தோல் லண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாகப் போனது. இந்த வாஷர் அந்தத் தோல்தான் என்று சாதிக்க வரவில்லை. ஆனால் சீமான் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தாலும், தோலையும் எலும்பையும் தொட்டு வேலை செய்த கைகள் இல்லாமல் அது ஒரு குண்டைக்கூடத் தள்ளியிருக்காது.