சோளம் விதைக்கும் நாள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வசந்தகால வானத்தை நம்பிக் கமம் செய்தவர் எவருமிலர். காலையில் வெயில், மாலையில் ஆலங்கட்டி மழை, மறுநாள் உறைபனி. மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியசை எட்டுமுன் ஊன்றிய சோளவிதை முளையாது அழுகிவிடும். ஈரம் வடியாத நிலத்தில் இயந்திரத்தை இறக்கினாலோ மண் இறுகி வேரைத் தடுக்கும். ஆகவே அங்கு காத்திருத்தல் சோம்பலன்று, அறிவு. ஓக் மரத்தின் தளிர் அணிலின் காதளவு விரியும்போது விதைக்க வேண்டும் என்னும் கணக்கைக் குடியேறிய வெள்ளையர் பூர்வகுடிகளிடம் கற்றதாகவே சொல்வர். அந்தப் பூர்வகுடிகளின் நிலம் போன கதை வேறு.

ஆனால், காத்திருக்கும் உரிமை யாருக்கு உண்டு?

1933 ஏப்ரல் 27. விதைப்புக்கு நிலத்தை ஆயத்தஞ் செய்யும் வேளை. லெ மார்ஸ் என்னும் ஊரில் கடன்பட்ட கமக்காரர் நீதிமன்றத்துட் புகுந்தனர். நீதிபதி பிராட்லியை வெளியே இழுத்துச் சென்று, கழுத்திற் கயிறு மாட்டி, ஈட்டு நிலங்களைப் பறிக்கும் கட்டளைகளில் இனிக் கையொப்பமிடுவதில்லை எனச் சத்தியம் செய்யுமாறு மிரட்டினர். அவர் மறுத்தார்; உயிரும் தப்பினார். ஆளுநர் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். சினம் தவறான ஆள்மேற் பாய்ந்தது என்றே கூறுவேன். வட்டியை வகுத்தோர் அக்கயிற்றுக்கு எட்டாத தொலைவில் இருந்தனர். ஆயினும், விலை வீழ்ச்சியால் நிலக்கரியிலும் மலிந்துபோன சோளத்தை அடுப்பிலிட்டுக் குளிர்காய்ந்த மக்களின் சினம் அது.

அடுத்த பத்தாண்டில் விதையும் கைமாறியது. அதுவரை நல்ல கதிர்களைத் தெரிந்து வீட்டிலேயே விதைக்குக் காயவைத்தனர். ஹென்றி வாலஸ் 1926இல் கலப்பின விதை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933இல் அயோவாவின் சோள நிலத்தில் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டாத கலப்பினம், 1943இல் ஏறத்தாழ முழுவதையும் பிடித்துக்கொண்டது. விளைச்சல் பெருகியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் மணியை மறுபடி விதைத்தால் அதே பயிர் வாராது. மழை விதைப்பை அழித்தால் பரணைப் பார்த்த குடும்பம், இப்போது கடையைப் பார்த்தது.

2019இன் வசந்தம் பெருமழையாய்ப் பெய்தது. மே 26 வரை நாட்டின் முக்கிய சோள மாநிலங்களில் 58 வீதமே விதைக்கப்பட்டிருந்தது. வழமையில் 90 வீதம் முடிந்திருக்கும். அயோவாவில் பயிர்க் காப்புறுதிக்கு மே 31 கடைசி நாள். அதன்பின் பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் காப்புத் தொகையில் நூற்றுக்கு ஒன்று குறையும். அம்மாநில விளைநிலத்தில் பாதியளவு குத்தகை நிலம். காசுக் குத்தகை வானத்தைப் பார்த்து வாங்கப்படுவதில்லை. அவ்வாண்டு நாடு முழுவதும் ஒரு கோடியே பத்து இலட்சம் ஏக்கருக்கு மேல் சோளம் விதைக்கப்படாமலே கிடந்தது. மற்ற இடங்களில், சேறு காயவில்லையென நன்கறிந்தே உழவு இயந்திரங்களை வயலில் இறக்கியோரும் இருந்தனர்.