தேவை செய்த பெட்டி

ராக் இசை மேடை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கிட்டார்காரரின் பின்னால் ஆளுயரத்துக்கு அடுக்கி நிற்கும் கறுப்புப் பெட்டிகள்தான். ஒவ்வொன்றிலும் நான்கு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள், பின்பக்கம் முழுக்க மூடிய பலகை, முகப்பில் வெள்ளை எழுத்தில் மார்ஷல் என்ற பெயர். மேடைக்கு ஸ்பீக்கர் பெட்டி தேடுகிறவர்கள் இன்றும் இதையே உச்சமாக நினைக்கிறார்கள். காசோ வண்டியில் இடமோ போதாதபோதுதான் மனமில்லாமல் சிறிய பெட்டிக்கு வருகிறார்கள். இந்தப் பெட்டியின் வரலாறு அந்த மரியாதைக்கு இடம் தரவில்லை. 1960களின் லண்டனில் இரண்டு குறைகளைச் சமாளிக்கப் பிறந்த வடிவம் இது. அன்றைய ஸ்பீக்கர்கள் அதிக வாட் தாங்கவில்லை. கிட்டாரின் ஒலியைக் கடைசி வரிசை வரை கொண்டுசேர்க்க அரங்குகளில் வேறு ஏற்பாடும் இல்லை. இரண்டு குறைகளும் தீர்ந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே இன்று பெட்டி தேர்கிறவர் இதை அளவுகோலாகக் கொள்ள வேண்டியதில்லை.

மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் அடிப்படையில் டிரம்ஸ் கலைஞர், அதைக் கற்றுக்கொடுத்தவர். கடைக்கு வந்த இளம் கிட்டார் கலைஞர்கள் கேட்ட ஒலியைத் தர, கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து 1962இல் அவர் ஓர் ஆம்ப்ளிஃபயரைச் செய்தார். ஜே.டி.எம்.45 என்ற அந்த ஆம்ப், அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேனுடைய மின்சுற்றைப் பெரிதும் பின்பற்றியது. பாஸ்மேனில் ஆம்பும் நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்களும் பின்புறம் திறந்த ஒரே பெட்டிக்குள் இருந்தன. மார்ஷல் ஆம்பைத் தனியாக்கி, ஸ்பீக்கர்களுக்குத் தனிப் பெட்டி செய்தார். முதலில் அதில் வைத்தது இரண்டு ஸ்பீக்கர்களைத்தான். அவை தாங்காமல் பழுதாயின. காரணம் எளிய கணக்கு. செலஸ்டியன் நிறுவனத்தின் அன்றைய ஸ்பீக்கர் ஒன்று தாங்கியது 15 வாட். இரண்டு சேர்ந்தால் 30. ஆம்ப் தள்ளியதோ அதைவிட அதிகம். நான்கு வைத்தால் 60 வாட் வரை தாங்கும். பெட்டியின் நீள அகலமும் அந்த நான்கு ஸ்பீக்கர்களை அடக்கக்கூடிய சிறிய அளவாகவே அமைந்தது. செவியைக் கொண்டு பல அளவுகளைச் சோதித்து எட்டிய வடிவம் அல்ல அது.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பெட்டிகளை அடுக்கும் வழக்கமும் இதே போக்கில்தான் வந்தது. 1965 வாக்கில் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டும் ஜான் என்ட்விசிலும் இன்னும் உரத்த ஆம்ப் வேண்டும் என்று கேட்டு வாங்கியதில் 100 வாட் ஆம்ப் பிறந்தது. அப்போது செலஸ்டியனின் புதிய ஸ்பீக்கர் தாங்கியது 20 வாட், நான்குக்கு 80தான். 100 வாட் ஆம்பை முழு ஓசையில் திருகினால் குறித்த அளவையும் தாண்டும் என்பதால் எட்டு ஸ்பீக்கர்கள் தேவைப்பட்டன. டவுன்ஷெண்ட் எட்டையும் ஒரே பெட்டியில் கேட்டார், செய்தும் கொடுத்தார்கள். அதைச் சுமந்த மேடை உதவியாளர்கள் முறையிட்ட பிறகு அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நேரான பெட்டி கீழே, முகப்பு சரிந்த பெட்டி மேலே, அதற்கும் மேலே ஆம்ப் என்ற அடுக்கு, சுமப்பவரின் முதுகைக் காக்கச் செய்த ஏற்பாடு.

இவ்வளவு ஓசை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை அரங்கில் இருக்கிறது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில் 55,000க்கும் மேற்பட்டோர் முன் பீட்டில்ஸ் வாசித்தபோது, வாக்ஸ் நிறுவனம் அவர்களுக்கு 100 வாட் ஆம்புகளைச் செய்து தந்திருந்தது. இன்றைய கணக்கில் அது ஒரு நடுத்தர அரங்குக்குரிய திறன். கூட்டத்தின் கூச்சலில் கலைஞர்களுக்கே தங்கள் வாசிப்பு சரியாகக் கேட்கவில்லை. கூட்டத்துக்கு ஒலியைப் பெருக்கித் தரும் அக்கால பி.ஏ. அமைப்பு குரலுக்கே போதவில்லை. கிட்டாரை அதில் சேர்ப்பது வழக்கமில்லை. மேடையில் உள்ள பெட்டிதான் கடைசி வரிசை வரை பேச வேண்டும். இந்த நிலை விரைவில் மாறியது. 1967இல் வின்ட்சர் ஜாஸ் விழாவில் சார்லி வாட்கின்ஸ் 1,000 வாட் பி.ஏ. அமைப்பை நிறுவினார். 1969இல் வுட்ஸ்டாக்கில் லட்சக்கணக்கானோருக்கு ஒலியைக் கொண்டுசேர்த்தது பில் ஹான்லியின் அமைப்பு. கிட்டார் பெட்டியின் முன் ஒரு மைக்கை வைத்து, ஒலியை மிக்ஸர் வழியாகப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு அனுப்புவது வழக்கமானதும் அரங்கை நிரப்பும் பொறுப்பு மேடைப் பெட்டியிடமிருந்து நீங்கிவிட்டது.

காரணம் எதுவாக இருந்தாலும் கிடைத்த ஒலி சிறப்பானதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூடிய பெட்டியில் நான்கு ஸ்பீக்கர்கள் ஒன்றாக அசையும்போது கீழ் சுரங்கள் இறுக்கமாகவும் கனமாகவும் வருகின்றன. கனத்த ரிஃப் வாசிப்பவர்கள் அதை விரும்புவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் மைக் பெரும்பாலும் நான்கில் ஒரு ஸ்பீக்கரை ஒட்டியே நிற்கிறது. கூட்டம் கேட்பது பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான். ஒலிப்பதிவுகளும் இதையே சொல்கின்றன. மார்ஷல் டோனுக்கு இலக்கணமாகச் சொல்லப்படும் 1966ஆம் ஆண்டின் ஜான் மேயால் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்தில் எரிக் கிளாப்டன் வாசித்தது, ஆம்பும் இரண்டு ஸ்பீக்கர்களும் பின்புறம் திறந்த ஒரே பெட்டிக்குள் அடங்கிய காம்போவில். லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தில் ஜிம்மி பேஜ் பயன்படுத்தியது சுப்ரோ என்ற சிறிய ஆம்ப்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. வாசிப்பவருக்குப் பின்னாலிருந்து காற்று வந்து மோத வேண்டும். அந்த ஒலி கிட்டாரின் கம்பிகளை மீண்டும் அதிரச் செய்வதால்தான் சுரம் நீண்டு நிற்கிறது, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஆண்ட ஃபீட்பேக்கும் பிறக்கிறது. இது உண்மை. ஆனால் அதைத் தீர்மானிப்பது கம்பியை எட்டும் ஓசையின் அளவும், பெட்டிக்கும் கிட்டாருக்கும் இடையிலான தூரமும். நான்கிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கு மாறுவதில் இழப்பது சுமார் 3 டெசிபெல். பெட்டிக்கு ஓரடி நெருங்கி நின்றால் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும். ஸ்பீக்கரும் முன்னேறியிருக்கிறது. 1980களில் வந்த செலஸ்டியன் வின்டேஜ் 30 தனியாகவே 60 வாட் தாங்குகிறது. மார்ஷலின் முதல் நான்கு ஸ்பீக்கர்கள் சேர்ந்து தாங்கிய அதே அளவு அது.

ஆகவே பெட்டி வாங்குகிறவர் எத்தனை ஸ்பீக்கர் என்று தொடங்காமல் எந்த அரங்கு என்று தொடங்க வேண்டும். மைக் வைக்கும் மேடைக்கு நல்ல ஸ்பீக்கர் ஒன்று போதும். மைக் இல்லாத சிறு கூடத்துக்கு இரண்டு. டிரம்ஸ் கலைஞருக்கும் பாடகருக்கும் கிட்டார் கேட்க வேண்டுமானால் பின்புறம் திறந்த பெட்டி உதவும். கீழ் சுரம் இறுக்கமாக வேண்டுமானால் மூடியது. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உச்ச சுரங்களை நேர்கோட்டில்தான் வீசுகிறது. எனவே பெட்டியைத் தரையில் வைத்துக் காலுக்கு வாசிக்காமல், உயர்த்தியோ சாய்த்தோ காதுக்கு நேராக வையுங்கள். முன்வரிசைக்காரர் கேட்கும் கூர்மையை அப்போதுதான் நீங்களும் அறிவீர்கள். ஸ்பீக்கர்கள் தாங்கும் வாட் ஆம்பின் வாட்டைவிடக் கூடுதலாகவும், பெட்டியின் ஓம் அளவு ஆம்ப் கேட்பதாகவும் இருக்கட்டும். வால்வு ஆம்ப் என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நான்கு ஸ்பீக்கர் பெட்டி தன் காலத்தின் சிக்கலுக்கு நேர்மையான விடையாக இருந்தது. உங்கள் மேடையின் சிக்கல் எது என்று முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அதற்குரிய பெட்டியை வாங்குங்கள்.