நாலு பேர் நாடகத்துக்கு எதுக்குப் போலீஸ்?

கலசப்பாக்கத்தில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு நாடகம் போடலாம் என்று போன மாதம் பேச்சு வந்தது. நாலு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும். செட்டு கிட்டு எதுவும் கிடையாது; ரெண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு. எல்லாம் பேசி முடித்த பிறகு ஒருத்தர் கேட்டார்: "ஸ்கிரிப்டை ஸ்டேஷன்ல குடுத்துப் பர்மிஷன் வாங்கணும்ல?"

இப்போது வேண்டியதில்லை என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பயத்துக்குப் பின்னால் 1876-லிருந்து 2013 வரை நீளும் ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

1875 கடைசியில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தார். ஜகதானந்த முகர்ஜி என்ற வக்கீல் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, வீட்டுப் பெண்களை விட்டு வரவேற்க வைத்தார். ஊரே முகம் சுளித்தது. கிரேட் நேஷனல் தியேட்டர் குழு அதைக் கிண்டல் செய்து 1876 தொடக்கத்தில் ஒரு நாடகம் போட்டது. போலீஸ் தடுத்தது. வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். அந்த வருஷமே அது நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்ற நிலையான சட்டமாகவும் ஆகிவிட்டது.

இந்தச் சட்டத்தில் நம்ம ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. மதத் திருவிழாக்களில் நடக்கும் ஜாத்ரா முதலானவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது அது. நம்ம பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் கூத்தை நினைத்துப் பாருங்கள். விடிய விடிய நடக்கும். நடுவில் கட்டியங்காரன் வந்து ஊர்ப் பெரிய மனுஷனிலிருந்து சர்க்கார் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேலி பேசுவான். அது சாமி காரியம், கேள்வி இல்லை. ஆனால் சாமி சம்பந்தம் இல்லாமல், ஒரு கூடத்தில் நாலு பேர் நின்று பேசினால் அது சர்க்கார் கவலைப்பட வேண்டிய விஷயம்!

சுதந்திரம் வந்த பிறகும் சட்டம் போகவில்லை. 1953-ல் லக்னோவில் இப்டா குழுவினர் பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை நாடகமாகப் போட்டார்கள். கொடுத்த அனுமதியை அதிகாரிகள் ரத்து செய்த பிறகும் நடத்தியதால் வழக்கு வந்தது. 1956-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், 1876 சட்டம் அரசியல் சாசனம் தரும் பேச்சுரிமைக்கு ஒத்துவராது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்துவது உத்தரப் பிரதேசத்தை மட்டும்தான்.

இங்கே நிலைமை வேறு. 1954-ல் சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் போட்டுக்கொண்டது. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் ஊர் ஊராக ரகளையைக் கிளப்பிக்கொண்டிருந்த சமயம் அது. சட்டமே ராதாவுக்காக வந்தது என்பார்கள். ஆட்சேபகரமானது என்று தோன்றினால் நாடகத்தைத் தடை செய்யலாம், பிரதியைக் கேட்டு வாங்கலாம். ராதா என்ன செய்தார்? தடை வந்தால் பெயரை மாற்றிப் போட்டார் என்று நாடகக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் ராதாவிடம் பெரிய கம்பெனி இருந்தது, கூட்டம் இருந்தது. சின்னக் குழுவுக்கு என்ன இருக்கிறது?

1978-ல் ஞாநி சென்னையில் 'பரீக்‌ஷா' என்ற குழுவைத் தொடங்கினார். நடித்தவர்கள் நாடகத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் ஒத்திகைக்கு வருகிறவர்கள். இந்திரா பார்த்தசாரதி, ந. முத்துசாமி, பாதல் சர்க்கார் ஆகியோரின் நாடகங்களைப் போட்டார்கள். 1980-ல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பயிற்சிப் பட்டறை இந்த மாதிரிக் குழுக்களுக்குப் பெரிய தெம்பு. விளக்கு வேண்டாம், திரை வேண்டாம், நடிகனின் உடம்பும் குரலும் போதும் என்பது அவர் வழி. காசு இல்லாதவனும் நாடகம் போடலாம் என்று அதற்கு அர்த்தம்.

இங்கேதான் சட்டம் இடித்தது. ஒரு பெரிய சபா நாடகத்துக்கு ஒருமுறை பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டால் நூறு தடவை அதையே ஓட்டலாம். சின்னக் குழு ஒரு நாடகத்தை ஒன்றிரண்டு தடவைதான் போடும். பிறகு அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் பிரதியைத் தூக்கிக்கொண்டு போய்க் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், இவர்கள் நாடகம் காகிதத்தில் முடிந்துவிடுவதில்லை. ஒத்திகையில் ஒருத்தர் ஒரு வசனத்தை வெட்டுவார், இன்னொருத்தர் சேர்ப்பார். முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பது? தடையே வராவிட்டாலும், படிக்கப் போகும் அதிகாரியை மனசில் வைத்துக்கொண்டே எழுதும் பழக்கம் வந்துவிடும். எனக்குத் தோன்றுவது, சட்டம் செய்த பெரிய கெடுதல் அதுதான்.

இந்தச் சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனவர் ஞாநிதான். 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று சொல்லி ரத்து செய்தது. சின்னக் குழு வைத்திருந்த ஒருத்தர் வாங்கித் தந்த தீர்ப்பு. ஆனால் பெரிய கம்பெனிகளுக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது.

பழைய 1876 சட்டத்தை நாடாளுமன்றம் ஒருவழியாக நீக்கியது 2018 ஜனவரியில். அதே மாதம் 15-ம் தேதி ஞாநி காலமானார்.

நண்பர்களிடம் கடைசியாகச் சொன்னது இது. கூடம் யாருடையதோ அவர்கள் சம்மதம் வேண்டும். ஒலிபெருக்கி வைத்தால் அதற்கு அனுமதி வேண்டும், ராத்திரி 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும். நாடகத்தை எழுதியவர் உயிரோடு இருந்தாலும், இறந்து 60 வருஷம் ஆகாமல் இருந்தாலும், அவரிடமோ குடும்பத்தாரிடமோ ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். ஆனால் வசனத்தை யாரிடமும் முன்கூட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

"அப்போ அந்த ரெண்டாவது சீன்ல வெட்டினதைத் திரும்பச் சேர்த்துடலாமா?" என்று கேட்டார் முதலில் ஸ்டேஷன் பேச்சை எடுத்தவர். போலீஸ் படிக்கும் என்று நினைத்து அவரே வெட்டி வைத்திருந்த ஒன்றரைப் பக்கம் அது. சேர்த்தாயிற்று.