எளிய ஆல்ககால்களின் வெப்பச் சிதைவும் உயர் அழுத்தமும்

மெத்தனால், எத்தனால் போன்ற எளிய ஆல்ககால்கள் வெப்பத்தால் சிதையும்போது உயர் அழுத்தம் இருவேறு விளைவுகளைத் தருகிறது. வாயு நிலையில் சிதைவின் தொடக்க வேகத்தைக் கூட்டுகிறது. சமநிலையில் சிதையும் அளவைக் குறைக்கிறது. பாடநூல்கள் பெரும்பாலும் இரண்டாவதையே பேசுகின்றன. முதலாவதே நுட்பமானது.

வேகத்துக்கான விளக்கத்தை 1921-22இல் லிண்டமன் தந்தார். தனித்து நிற்கும் மூலக்கூறு உடைவதில்லை; பிறவற்றோடு மோதி, போதிய ஆற்றல் பெற்ற பிறகே உடைகிறது. தாழ் அழுத்தத்தில் மோதல்கள் அரிது. அழுத்தம் ஏற ஏற வினைவேக மாறிலி உயர்ந்து, ஓர் எல்லையில் நிலைபெறுகிறது. மூலக்கூறின் உள் அதிர்வுகளை ஹின்ஷெல்வுட் இதில் சேர்த்தார். 1927-28இல் ரைஸ், ராம்ஸ்பெர்கர், காஸல் ஆகியோரும் 1952இல் மார்க்கஸும் கொள்கையை முழுமையாக்கினர். ஆறே அணுக்கள் கொண்ட மெத்தனால் அந்த எல்லையை எட்ட மிக உயர்ந்த அழுத்தம் தேவை. ஒன்பது அணுக்கள் கொண்ட எத்தனால் அதற்கு முன்பே எட்டிவிடும்.

மெத்தனாலில் முதலில் அறுவது கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு. எத்தனாலுக்கு இரண்டு வழிகள் உண்டு. நீரை இழந்து எத்திலீனாவது ஒன்று. கார்பன்–கார்பன் பிணைப்பு அறுவது மற்றொன்று. பின்னதற்கு ஆற்றல் அதிகம் வேண்டும். அதனால் அழுத்தம் தாழும்போது அதுவே அதிகம் நலிகிறது. ஆக, அழுத்தம் வேகத்தை மட்டுமன்றி விளைபொருள்களின் விகிதத்தையும் மாற்றுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2-புளூரோஎத்தனாலை அதிர்வலைக் குழாயில் சிதைத்து 2003இல் வெளியிட்ட ஆய்விலும் இத்தகைய போட்டி வழிகளே அளக்கப்பட்டன: ஹைட்ரஜன் புளூரைடை இழப்பது, நீரை இழப்பது.

சமநிலையின் கதை வேறு. ஒரு மூலக்கூறு மெத்தனால் ஆவி சிதைந்தால் ஒரு கார்பன் மோனாக்சைடும் இரண்டு ஹைட்ரஜனும், ஆக மூன்று மூலக்கூறுகள் கிடைக்கின்றன. லீ சாட்லியர் தத்துவப்படி அழுத்தம் இதைப் பின்னோக்கித் தள்ளும். இதைப் பயன்படுத்தியே 1923இல் ஜெர்மனியின் லொய்னாவில் பிஏஎஸ்எஃப் நிறுவனம் சுமார் 300 வளிமண்டல அழுத்தத்தில் மெத்தனால் தயாரித்தது. 1960களில் ஐசிஐ நிறுவனத்தின் செம்பு வினையூக்கி அந்த அழுத்தத்தை 50 முதல் 100 வளிமண்டலத்துக்கு இறக்கியது. இந்தியாவில் ஐதராபாத் பெல் நிறுவனம் நிலக்கரியிலிருந்து மெத்தனால் எடுக்கும் சிறிய ஆலையை நிறுவியுள்ளது.

மனித உடலுக்குள் மெத்தனால் சிதைவது வேறு வகை. மரக்காணம் அருகிலுள்ள எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் பத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளச்சாராயத்தில் இருந்ததும் மெத்தனாலே. உடலில் அதை பார்மால்டிஹைடாகவும் பார்மிக் அமிலமாகவும் மாற்றுபவை நொதிகள். அங்கே அழுத்தத்துக்குப் பங்கில்லை.