கிராணி

மலேசியத் தமிழில் எழுத்தர் என்று பொருள்படும் சொல், மலாயில் கெரானி. இது வட இந்திய வழக்குச் சொல்லான கரானியிலிருந்து வந்தது. அதன் மூலம் ‘செய்தல்’ எனப் பொருள்படும் சமற்கிருதக் ‘கரண’. சோழர் கல்வெட்டுகளில் ஊர்க்கணக்கு எழுதிய ‘கரணத்தான்’ இதற்கு உறவு.

ரப்பர்த் தோட்டங்களில் பெரிய கிராணி, சின்ன கிராணி என இரு படிகள் இருந்தன. விடியற்காலைப் பெரட்டில் (தொழிலாளர் அணிவகுப்பில்) ஆள்கணக்கு எடுப்பதும், பால் எடையைக் குறிப்பதும் சின்ன கிராணியின் தொடக்க வேலைகள். பால்வெட்டிய குடும்பத்தின் பிள்ளை பேனா பிடிப்பது சிறிய ஏற்றமன்று. ‘கிராணியார்’ என்ற மரியாதை அதனால் வந்தது.

இன்று அம்பாங்கில் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்தவருக்கு அலுவலகத்தின் முதல் வாசல் பெரும்பாலும் கெரானி வேலையே. பெயரில் பழைய உயரம் இல்லை, உரிமைகள் உண்டு. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி 11 விழுக்காடு செலுத்த, 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு சேர்க்க வேண்டும். புதியவர் முதல் சம்பளச் சீட்டிலேயே பார்க்க வேண்டியது இந்தச் சேமநிதிப் பதிவுதான்.