தவளைக்குக் காற்சட்டை அணிவித்த பேராசிரியர்

தவளையின் முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வரும் என்பதை நம் மாணவர்கள் தொடக்கப்பள்ளியிலேயே அறிந்துகொள்கின்றனர். அம்முட்டை எவ்வாறு கருவுறுகிறது என்னும் வினாவோ அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது.

தாயின் உடலுக்கு வெளியே கருவுறுதல் நிகழாது என்று லின்னேயஸ் போன்ற பேரறிஞரே கருதிய காலம் அது. பெண் தவளை நீரில் முட்டையிடுகையில் ஆண் அதன் முதுகைத் தழுவியிருப்பது ஏன்? பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் ஆண் தவளைகளுக்குச் சிறு காற்சட்டை அணிவித்துப் பார்த்தார், தெளிவு கிட்டவில்லை. இத்தாலியப் பாதிரியாரும் பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஸ்பல்லன்சானி (1729-1799) அதே உத்தியை மீண்டும் கையாண்டார். காற்சட்டையிட்ட ஆண்களுடன் சேர்ந்த பெண் தவளைகளின் முட்டைகள் அழுகிப்போயின. காற்சட்டையில் தங்கிய துளிகளைப் பூசிய முட்டைகளோ தலைப்பிரட்டைகளாயின! 1780இல் இவற்றை நூலாக வெளியிட்டார். அறிவியல் பாடத்தில் 'மாறி'களை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை யான் கண்டதில்லை.

வியப்பு யாதெனில், அவர் விந்துநீரைத் தாளில் வடிகட்டியும் பார்த்தார். வடிந்த நீரால் பயனில்லை. தாளில் எஞ்சியதே முட்டைகளைக் கருவுறச் செய்தது. விடை கைக்கெட்டிய நிலையிலும் விந்தணுவே காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. முழு உயிரும் முட்டைக்குள் முன்னரே அடங்கியுள்ளது என்னும் கொள்கை அவர் கண்ணை மறைத்தது. 1824இல் பிரெவோ, டூமா இருவரும் வடிகட்டும் சோதனையை மீண்டும் செய்து விந்தணுவின் பங்கை நிலைநாட்டினர்.

முட்டையைச் சூழ்ந்த கூழ்ப்படலம் நீரில் ஊறிப் பருத்தபின் விந்தணுவால் உட்புக இயலாது. ஆகவே, முட்டை வெளிப்படும் தறுவாயிலேயே விந்தைப் பொழிய ஆண் தவளை பிடியை விடாது காத்திருக்கிறது.