மறைந்து நின்ற தளபதி

சென்னை நகரம் இருமுறை கடலைக் கண்டு கலங்கிற்று. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஒற்றை ஜெர்மன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்தது. அப்பெயர் நம் பேச்சிலே இன்றும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. மறுமுறை, 1942 ஏப்ரல். அப்போது நம் கடலைக் காக்கும் பொறுப்பேற்றிருந்தவரின் பெயரை நம்மில் அறிந்தோர் சிலரே. அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில்!

1882ல் பிறந்தவர், பதினைந்து வயது நிறையுமுன்னே கடற்படை புகுந்தவர். கம்பியில்லாத் தந்தி அவர் கற்ற கலை. முதல் உலகப் போரில், கல்லிப்போலிப் போர்க்களத்தில், அந்தக் கலைக்காகவே விருது பெற்றார். 1938ல் கிழக்கிந்தியக் கடற்படைத் தலைவரானார். மறு ஆண்டே காசநோய் என்று ஐயுற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். வாழ்வு முடிந்தது என்றுதான் எவரும் எண்ணியிருப்பர். போர் மூண்டது, ஓய்வு பெற்றவரை மீண்டும் அழைத்தது.

அழைத்து என்ன வேலை தந்தது? 1940 ஜூலை 3. அல்ஜீரியாவிலுள்ள மெர்ஸ்-எல்-கபீர் துறைமுகம். நேற்றுவரை தோழராயிருந்த பிரெஞ்சு மாலுமிகள்மீது குண்டு பொழியுமாறு லண்டன் ஆணையிட்டது. பொழிந்தார். ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். மனைவிக்கு எழுதிய மடல்களில் அச்செயல் பற்றிய அருவருப்பைக் கொட்டினார். ஆணையை மீறினாரா? இல்லை. ஏகாதிபத்தியத்தின் நல்ல ஊழியன் நெஞ்சில் அழுவான், கையால் சுடுவான்.

1942 மார்ச்சில் கொழும்பு வந்தார். ஐந்து பெரும் போர்க்கப்பல்கள். அவற்றில் நான்கு கிழடுகள். எதிரே வந்து கொண்டிருந்தவை ஜப்பானின் ஐந்து விமானந்தாங்கிகள். பகலிலே மோதினால் அழிவு என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பகலில் விலகி, இரவில் அடிக்க எண்ணினார். மூன்று நாள் காத்திருந்தார், எதிரி வரவில்லை. தண்ணீருக்கும் எரிபொருளுக்குமாக, மாலத்தீவில் மறைவாக அமைத்திருந்த அட்டுத் தளத்துக்குச் சென்றார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பின்மீது குண்டு விழுந்தது. அன்றே கார்ன்வால், டார்செட்ஷயர் கப்பல்கள் மூழ்கின. 424 உயிர்கள் போயின. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் 307 பேரோடு கடலடி சேர்ந்தது. கிழட்டுக் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரைக்கு விரைந்தன.

கோழைத்தனமா? நான் அவ்வாறு எண்ணவில்லை. நான்கு திங்களுக்கு முன்புதான் மலேயாக் கடலில், விமானக் காவலின்றிப் புறப்பட்ட இரு பெருங்கப்பல்கள் வீம்பின் விலையாக மூழ்கியிருந்தன. சோமர்வில் அந்தப் பாடத்தைப் படித்தவர். படையைக் காத்தார். ஆனால், படை விலகிய கரையிலே வாழ்ந்த மக்களுக்கு யார் என்ன சொன்னார்கள்? "கடலாளும் கொடி" என்று நூறாண்டு பாடம் சொன்ன ஆட்சி, காவல் இல்லை என்பதைச் சொல்லிற்றா?

ஏப்ரல் 6ல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுபட்டன. உடனே சென்னைக்கு எச்சரிக்கை: வேலையில்லாதோர் வெளியேறுக! தலைமைச் செயலகம் உதகைக்கு, உயர்நீதிமன்றம் கோவைக்கு. விலங்குக் காட்சிச்சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றனர். மேலிடம் மலையேறிற்று, ஏழை மக்கள் மூட்டை முடிச்சோடு சாலையிலே நடந்தனர்.

அவர்களில் சிலர் எங்கள் செவிலிமேட்டுக்கும் வந்தனர். நெசவுக்காரர் ஒருவர், தம் தாயார் சொன்னதாக என்னிடம் கூறுவார்: தறிக்குழியின் ஓரமே வந்தவர்க்குப் படுக்கை, இருந்த கேழ்வரகைப் பங்கிட்டுக் கூழ் காய்ச்சினார்களாம். ஜப்பான்காரன் எப்போது வருவான் என்று நாள்தோறும் கிழக்கே பார்த்திருந்தார்களாம்.

அவர்கள் பார்த்திருந்த அந்நாட்களிலேயே ஜப்பானியக் கப்பல்கள் தம் நாட்டுக்குத் திரும்பிக் கொண்டிருந்தன.